நுண்ணுயிர்களின் கொழுப்பு அமிலங்களை ஆய்வகத்தில் பிரித்துப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். டிசம்பர் பிறந்துவிட்டால் எம்எஸ்சி ப்ராஜெக்ட் பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள். மணக்குடிச் சேற்றோடு ஒருவர், பேச்சிப்பாறை ரப்பர் தோட்டத்து மண்ணோடு ஒருவர், புத்தளம் உப்பளத்துத் தண்ணீரோடு ஒருவர். கொண்டுவரும் பாக்டீரியாதான் வேறு வேறு, சந்தேகங்கள் வருடா வருடம் அதேதான். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பவை, அதனால் மேலிருந்தே படியுங்கள்.

அக்கா, பாக்டீரியாவுக்குக் கொழுப்பா? அது எதுக்கு?

நமக்கு இடுப்பில் சேருகிற கொழுப்பு மாதிரி இல்லை. பாக்டீரியாவின் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதி செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் இருக்கிறது. அந்தச் சவ்வு பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, இரண்டு வால். அந்த வால்கள்தான் கொழுப்பு அமிலங்கள்.

மார்கழிக் காலையில் குளியலறை ஜன்னலில் இருக்கும் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்கும், பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் உறையாது. தேங்காய் எண்ணெயின் வால்கள் பெரும்பாலும் இரட்டைப் பிணைப்பு இல்லாத நேர்வால்கள், நெருக்கமாக அடுக்கி நிற்கும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நல்லெண்ணெயில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் வால் மடங்குவதால் அடுக்கு கலைகிறது. பாக்டீரியாவும் தன் சவ்வு உறையாமலும் ஒழுகாமலும் இருக்க இந்த இரண்டு வகையையும் சூழலுக்குத் தக்கபடி மாற்றி மாற்றிக் கலக்கிறது. நாம் அளப்பது அந்தக் கலவையைத்தான்.

16:0, 18:1 ஒமேகா 7 சிஸ் என்று போட்டிருக்கே, இதை எப்படிப் படிக்கணும்?

முதல் எண் கார்பன்களின் எண்ணிக்கை, இரண்டாவது இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கை. ஒமேகா 7 என்றால் வாலின் நுனியிலிருந்து எண்ணும்போது ஏழாவது கார்பனில் இரட்டைப் பிணைப்பு தொடங்குகிறது. சிஸ் என்பது மடங்கிய வடிவம். ஐசோ என்றால் நுனிக்கு முந்தைய கார்பனில் ஒரு கிளை, ஆன்டைசோ என்றால் அதற்கும் ஒன்று முன்னால். சைக்ளோ என்றால் நடுவில் மூன்று கார்பன் வளையம்.

இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம், யாரிடம் எது இருக்கும் என்று பழகினால் போதும். ஐசோ 15:0, ஆன்டைசோ 15:0 நிறைய இருந்தால் பேசில்லஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் பக்கம் பாருங்கள். 3-ஹைட்ராக்சி 14:0 இருந்தால் ஈ. கோலை மாதிரியான கிராம் நெகட்டிவ். 3-ஹைட்ராக்சி 10:0, 12:0 என்றால் சூடோமோனாஸ். 10-மெத்தில் 18:0 ஆக்டினோபாக்டீரியாவில் பல குடும்பங்களின் அடையாளம்.

செல்லை அப்படியே ஜிசியில் ஏற்ற முடியாதா? மெத்தில் எஸ்டர் எதுக்கு?

ஜிசி என்பது வாயு நிறப்பிரிகைக் கருவி. கலவையை ஆவியாக்கி ஒரு நீண்ட நுண்குழாய் வழியாக ஓட்டிப் பிரிக்கும், பிரிந்து வரும் ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு பீக்காக (முகடாக) நிற்கும். அதில் போகும் பொருள் ஆவியாக வேண்டும். பாஸ்போலிப்பிடு ஆவியாவதற்குள் கருகிவிடும். தனிக் கொழுப்பு அமிலமும் அதன் அமில முனையால் நுண்குழாயில் ஒட்டிக்கொண்டு பீக்கை வால் நீட்ட வைக்கும். அந்த முனையில் ஒரு மெத்தில் தொகுதியை மாட்டிவிட்டால் ஒட்டாமல் ஓடிவிடும். ஃபேம் என்று நாம் சுருக்கிச் சொல்வது இந்த மெத்தில் எஸ்டர்களைத்தான்.

சரி, படிப்படியா சொல்லுங்க. என்னதான் செய்யணும்?

பாக்டீரியாவை அடையாளம் காண உலகம் முழுக்க அதிகம் பயன்படும் முறை 1990-இல் சாசர் என்ற ஆய்வாளர் எழுதி வைத்த நான்கு கரைசல் முறை. டிரிப்டிக் சோய் அகாரில் 28 டிகிரியில் 24 மணி நேரம் வளர்த்து, நான்கு பகுதியாகக் கீற்றிய தட்டின் மூன்றாவது பகுதியிலிருந்து சுமார் 40 மில்லிகிராம் ஈரச் செல்லை லூப்பால் எடுக்க வேண்டும். அதைக் கண்ணாடிக் குழாயின் அடியில் தடவி, 1 மில்லி சோடியம் ஹைட்ராக்சைடு-மெத்தனால் கரைசல் விட்டு, டெஃப்லான் வைத்த மூடியை இறுக்கி, கொதிநீரில் 5 நிமிடம். எடுத்துக் குலுக்கி மறுபடியும் 25 நிமிடம். முதல் 5 நிமிடத்திலேயே குழாயை உற்றுப் பாருங்கள். உள்ளேயிருந்து குமிழி வரிசையாக ஏறினால் மூடி கசிகிறது என்று அர்த்தம். அப்போதே இறுக்குங்கள், 25 நிமிடம் கழித்துப் பார்த்தால் பாதி மெத்தனால் போயிருக்கும்.

அப்புறம் குளிரவைத்து 2 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமில-மெத்தனால், 80 டிகிரியில் 10 நிமிடம், உடனே பச்சைத் தண்ணீரில் குளிர்விக்க வேண்டும். பிறகு ஹெக்சேனும் மெத்தில் டெர்ட்-பியூட்டைல் ஈதரும் சம அளவில் கலந்த கரைசல் 1.25 மில்லி, 10 நிமிடம் மெதுவாகச் சுழற்றல். அடியில் நிற்கும் நீர்ப்படலத்தை எடுத்துவிட்டு, மேலே நிற்பதை 3 மில்லி நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடால் 5 நிமிடம் கழுவி, மேல்படலத்தில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் ஜிசிக்கான சிறு குப்பிக்கு மாற்றுங்கள். முழுவதையும் உறிஞ்ச ஆசைப்பட்டால் காரத்துளி கூடவே வரும். அது நுண்குழாயைக் கெடுக்கும்.

பேப்பரில் ஃபோல்ச், பிளை-டயர் என்று போட்டிருக்கே, அது வேறயா?

வேறு. மேலே சொன்னது கொழுப்பைத் தனியாகப் பிரிக்காமல் செல்லையே உடைத்து எஸ்டராக்கும் முறை. ஃபோல்ச் (1957), பிளை-டயர் (1959) இரண்டும் கொழுப்பை முதலில் வெளியே இழுக்கும் முறைகள். ஃபோல்ச் முறையில் குளோரோஃபார்மும் மெத்தனாலும் 2-க்கு 1. பிளையும் டயரும் கனடாவில் மீன்வள ஆய்வில் இருந்தவர்கள், காட் மீனின் தசையை வைத்துத்தான் இதை உருவாக்கினார்கள். குளச்சலிலிருந்து வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் முகம் மலரும்.

பிளை-டயரில் குளோரோஃபார்ம், மெத்தனால், தண்ணீர் மூன்றும் முதலில் 1:2:0.8 என்ற கணக்கில் ஒரே படலமாக நிற்க வேண்டும். பிறகு குளோரோஃபார்மும் தண்ணீரும் சேர்த்து 2:2:1.8 ஆக்கினால் இரண்டாகப் பிரியும், கொழுப்பு அடிப் படலத்தில் இருக்கும். எல்லோரும் தவறும் இடம் ஒன்றுதான்: அந்த 0.8-இல் செல் வண்டலில் இருக்கும் தண்ணீரும் சேர்த்தி. ஈர வண்டலை எடுத்துக்கொண்டு, தண்ணீரையும் முழுசாக ஊற்றினால் தொடக்கத்திலேயே பிரிந்துவிடும். பிரித்தெடுப்பும் பாதியில் நின்றுபோகும். குளோரோஃபார்ம் வேலை எதுவானாலும் ஃபியூம் ஹூடுக்குள்தான். கழிவைத் தனி பாட்டிலில் சேருங்கள், சிங்க்கில் ஊற்றாதீர்கள்.

என் சாம்பிளில் 12:0 பெரிய பீக். புதுசா எதையோ கண்டுபிடிச்சிட்டேனா?

இந்தக் கேள்வியைக் கேட்காத வருடமே இல்லை. முதலில் நான் பார்ப்பது கேட்கும் பிள்ளையின் தலைமுடியை. காலையில் எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய முடி, அந்த முடியை ஒதுக்கிய விரல், அந்த விரல் தொட்ட குழாயின் வாய். மார்த்தாண்டம் பக்கம் வெளிச்செண்ணெய் என்பார்கள், நாகர்கோவிலில் தேங்காய் எண்ணெய். ஜிசிக்கு இரண்டும் ஒன்றுதான். அதில் ஏறக்குறைய பாதி 12:0, அடுத்து 14:0, கூடவே கொஞ்சம் 8:0, 10:0. நமக்குக் கிடைக்கும் செல்லோ சில மில்லிகிராம். கண்ணுக்குத் தெரியாத ஒரு விரல் தடவல் போதும்.

சிக்கல் என்னவென்றால் 12:0, 14:0 இரண்டும் ஈ. கோலையின் வெளிச்சவ்விலும் உண்மையாகவே இருப்பவை. அதனால் பார்த்த உடனே அழித்துவிடவும் முடியாது. தீர்ப்பது பிளாங்க். செல் இல்லாத வெறும் குழாயை ஒவ்வொரு தொகுதியிலும் அதே கையால், அதே நாளில் கடைசி வரை கொண்டுபோங்கள். பிளாங்க்கிலும் 12:0 வந்தால் அது எண்ணெய். பிளாங்க் சுத்தமாக இருந்து, அதே பாக்டீரியாவை மூன்று முறை வளர்த்தும் அதே விகிதம் வந்தால் அது பாக்டீரியாவினுடையது. ஒரு வருடம் பிளாங்க் போடாமல் நானே ஒரு பிள்ளைக்கு இரண்டு வார வேலையை வீணாக்கியிருக்கிறேன். அன்றிலிருந்து பிளாங்க் இல்லாத தொகுதியை ஜிசி பக்கம் விடுவதில்லை.

அதே எண்ணெயை நல்லதுக்கும் பயன்படுத்தலாம். முதல் முறை எஸ்டர் செய்து பழகுபவர்களுக்கு நான் கொடுப்பது ஒரு துளி தேங்காய் எண்ணெய்தான். எந்த பீக் எந்த வரிசையில் வர வேண்டும் என்று முன்பே தெரியும், தப்பு உடனே தெரிந்துவிடும்.

கண்ணாடியை சோப்பு போட்டு நல்லா கழுவினா போதாதா?

சோப்பே கொழுப்பு அமிலத்தின் உப்புதான். ஆய்வக டிடர்ஜென்டில் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, கடைசியில் மெத்தனாலும் ஹெக்சேனும் விட்டு அலசுங்கள். மண்ணைப் போலக் கொழுப்பு கொஞ்சமாகவே கிடைக்கும் வேலைக்கு மஃபிள் சூளையில் 450 டிகிரியில் சில மணி நேரம் சுடுவது வழக்கம். குளோரோஃபார்ம் படும் எதிலும் பிளாஸ்டிக் குழாயோ ரப்பர் மூடியோ வேண்டாம். அவற்றிலிருந்து தாலேட்டு என்ற பிளாஸ்டிக் மென்மையாக்கி கரைந்து வரும். ஜிசி-எம்எஸ்ஸில் (ஜிசியோடு நிறைமானி சேர்ந்த கருவி) நிறை எண் 149 தூக்கலாக நின்றால் அது தாலேட்டுதான்.

இன்குபேட்டரை 28-இல் வச்சிருக்கேன், உள்ளே 32 காட்டுது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். பல கல்லூரிகளில் இருப்பது ஹீட்டர் மட்டும் உள்ள இன்குபேட்டர். அதற்குச் சூடாக்கத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. ஏப்ரல் மதியம் அறையே 32 இருந்தால் உள்ளே எப்படி 28 ஆகும்? குளிர்விக்கும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் பதிலில் சொன்ன உறைந்த எண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் கூடினால் ஈ. கோலை 18:1 ஒமேகா 7-ஐக் குறைத்து 16:0-வைக் கூட்டும். பேசில்லஸ் குளிரில் ஆன்டைசோவைக் கூட்டும், சூட்டில் ஐசோவைக் கூட்டும். ஆக நான்கு டிகிரி வித்தியாசத்தில் அதே பாக்டீரியா வேறு சதவீதம் காட்டும். மின்தடை வந்த இரவில் வளர்ந்த தட்டையும் ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்.

24 மணி நேரத்தில் இல்லாத சைக்ளோ 17:0, 48 மணி நேரத்தில் எங்கிருந்து வந்தது?

16:1 ஒமேகா 7-லிருந்து வந்தது. வளர்ச்சி நின்று செல் நிலைநிற்கும் கட்டத்துக்குப் போகும்போது இரட்டைப் பிணைப்பில் ஒரு கார்பனைச் சேர்த்து வளையமாக்கிக்கொள்கிறது. 18:1 ஒமேகா 7 அதேபோல சைக்ளோ 19:0 ஆகும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது பகுதியிலிருந்து 24 மணி நேரத்தில் எடு என்று சொல்வதே செல்கள் ஏறக்குறைய ஒரே வயதில் கிடைக்கத்தான்.

இன்னொன்று: இந்த வளையம் அமிலச் சூட்டில் உடையும். 80 டிகிரி, 10 நிமிடம் என்ற அளவைத் தாண்டி, தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்று விட்டால் சைக்ளோ குறைந்து, பெயர் தெரியாத சில்லறை பீக்குகள் முளைக்கும். எஸ்டராக்கப் பயன்படும் இன்னொரு கரைசலான போரான் டிரைஃப்ளோரைடு-மெத்தனாலிலும் இதே ஆபத்து உண்டு.

மழைக்காலத்தில் மட்டும் எனக்கு எஸ்டர் சரியா வரல. என் ராசியா?

ராசி இல்லை, தண்ணீர். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வருடத்தில் பாதி நாள் காற்று ஈரம். உலர்த்திய செல்லோடு நேரடியாக அமில-மெத்தனால் சேர்க்கும் முறையில் தண்ணீர் எதிரி, அது எஸ்டரைத் திரும்பவும் அமிலமாக்கும். பாட்டிலைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் மெத்தனால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சின்னச் சின்ன பாட்டிலாகப் பிரித்து வைத்து, அன்றன்றைக்கு ஒன்றைத் திறங்கள். செல்லை உறைவுலர்த்தியில் முழுமையாக உலர்த்துங்கள்.

நான்கு கரைசல் முறையில் தண்ணீர் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. அதில் மழைக்காலத்தைக் குறை சொல்ல வேண்டாம், மூடிக் கசிவைப் பாருங்கள்.

சதவீதம் போதுமா, மில்லிகிராமுக்கு எவ்வளவு என்று வேணுமா?

அடையாளம் காண சதவீதம் போதும். எண்ணெய் உற்பத்தி என்று தலைப்பு வைத்திருந்தால் அளவு வேண்டும், அதற்கு உள்தரம், அதாவது அளவு தெரிந்த ஒரு ஒப்பீட்டுப் பொருள், சேர்க்க வேண்டும். பாக்டீரியாவில் பொதுவாகக் காணாத 19:0 வசதியானது. 10 மில்லிகிராம் உலர்செல்லில் 50 மைக்ரோகிராம் 19:0 சேர்த்தீர்கள் என்று வைப்போம். 19:0-வின் பரப்பு 20,000, 16:0-வின் பரப்பு 1,20,000. அதாவது ஆறு மடங்கு, 300 மைக்ரோகிராம். செல்லின் எடையில் 3 சதவீதம்.

எப்போது சேர்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். கடைசியில் 19:0 மெத்தில் எஸ்டராகச் சேர்த்தால் ஊசி போடும் பிழை மட்டும் சரியாகும். முதலிலேயே 19:0 வால் கொண்ட பாஸ்போலிப்பிடாகச் சேர்த்தால்தான் பிரித்தெடுப்பு, எஸ்டராக்கம் எல்லாவற்றின் இழப்பும் கணக்கில் வரும். கடல் சாம்பிளில் இன்னொரு கண்ணி உண்டு: உலர்ந்த வண்டலில் பாதி உப்பாக இருக்கலாம். 0.5 மோலார் அம்மோனியம் ஃபார்மேட்டால் கழுவினால் செல் வெடிக்காது, உலர்த்தும்போது அம்மோனியம் ஃபார்மேட்டும் ஆவியாகிப் போய்விடும்.

உப்பளத்துச் சிவப்புக் காலனியில் ஒரு பீக்கும் வரல அக்கா. நான் என்ன தப்பு செஞ்சேன்?

அநேகமாக ஒன்றும் இல்லை. உப்பு கெட்டியாகும் பாத்தியைச் சிவப்பாக்குபவற்றில் பெரும்பாலானவை ஆர்க்கியா, பாக்டீரியா அல்லாத தனி வகை நுண்ணுயிர்கள். அவற்றின் சவ்வில் கொழுப்பு அமிலமே இல்லை. ஐசோபிரீன் சங்கிலிகள் ஈதர் பிணைப்பில் கோத்திருக்கும், நம் காரமும் அமிலமும் அந்தப் பிணைப்பை அறுக்காது. பீக் வராததே ஒரு முடிவு. ஆனால் அதே தொகுதியில் ஈ. கோலையைக் கூடவே ஓட்டி அதில் பீக் வந்தது என்று காட்டினால்தான் அதை முடிவு என்று எழுதலாம்.

இரண்டு எச்சரிக்கை. வண்டலைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவியிருந்தால் செல் அப்போதே வெடித்திருக்கும், குழாயில் மூக்குச்சளி மாதிரி இழுபடும். அது வெளியே வந்த டிஎன்ஏ. அடுத்து, சிவப்பெல்லாம் ஆர்க்கியா இல்லை. 2002-இல் விவரிக்கப்பட்ட சாலினிபாக்டர் ரூபர் அதே உப்பில் அதே சிவப்பில் வாழும் பாக்டீரியா, அதில் கொழுப்பு அமிலங்கள் உண்டு.

மணக்குடி அலையாத்தி இலையிலிருந்து எடுத்ததில் டிஎச்ஏ இருக்குன்னு எப்படி உறுதி செய்யறது?

பழையாறு கடலில் சேரும் அந்த முகத்துவாரத்தில் விழுந்து மக்கும் இலைகளில் திராஸ்டோகைட்ரிட் எனும் ஒருசெல் உயிரிகளைத் தேடலாம். இலைத்துண்டைக் கடல்நீரில் போட்டு, சுத்திகரித்த பைன் மகரந்தத்தைத் தூவினால் அதில் வந்து ஒட்டும். டிஎச்ஏ என்பது 22:6. ஆறு இரட்டைப் பிணைப்பு இருப்பதால் காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுவிடும். கரைப்பானில் கொஞ்சம் பிஎச்டி (BHT) என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேர்த்து, நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்தி, பழுப்புக் குப்பியில் மைனஸ் 20-இல் வையுங்கள்.

ஜிசியில் முனைவுத்தன்மையுள்ள சயனோபுரோப்பைல் நுண்குழாய் நல்லது. 37 எஸ்டர் கலந்த ஸ்டாண்டர்டை ஓட்டி நேரத்தை ஒப்பிடுங்கள். டிஎச்ஏ மிகவும் கடைசியில் வரும், ரன்னை முன்கூட்டியே நிறுத்திவிட்டு இல்லை என்று எழுதிய ஆய்வேட்டையும் பார்த்திருக்கிறேன். ஜிசி-எம்எஸ்ஸில் மூலக்கூறு அயனி மங்கலாக இருக்கும், 79 ஓங்கி நிற்கும். நிறைவுற்ற எஸ்டர்களில் ஓங்குவது 74.

ரப்பர் தோட்டத்து மண்ணில் எந்த நுண்ணுயிர் அதிகம் என்று இதை வச்சே சொல்ல முடியுமா?

இனம் சொல்ல முடியாது, கூட்டம் சொல்லலாம். மண்ணில் பிளை-டயர் செய்து, சிலிக்கா வழியாக முதலில் குளோரோஃபார்ம், அடுத்து அசிட்டோன், கடைசியில் மெத்தனால் விட்டால் மெத்தனாலில் பாஸ்போலிப்பிடு இறங்கும். அதை மட்டும் எஸ்டராக்குங்கள். கிளைவால்கள் கிராம் பாசிட்டிவுக்கும், சைக்ளோ கிராம் நெகட்டிவுக்கும், 18:2 ஒமேகா 6 பூஞ்சைக்கும் அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் 18:2 செடியின் வேரிலும் நிறைய. சல்லிவேரை இடுக்கியால் பொறுக்கி எடுக்காமல் பூஞ்சை கூடியது என்று எழுதக் கூடாது.

மண்ணை எடுத்த இடத்திலேயே ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள், மீன் வண்டிக்காரர்கள் வைப்பது போல. பேச்சிப்பாறையிலிருந்து பஸ்ஸில் வெயிலில் வரும்போதே மண்ணுக்குள் கூட்டம் மாறத் தொடங்கிவிடும். கன்னிப்பூ போக நெல் அறுத்த வயலையும் கும்பப்பூ போகத்துக்குத் தண்ணீர் நிறுத்திய வயலையும் ஒப்பிட நினைப்பவர்களுக்கும் இதேதான்.

சாஃப்ட்வேர் 16:1 ஒமேகா 7, ஒமேகா 6 இரண்டையும் ஒரே வரியில் போடுது. பிரிக்க முடியாதா?

அந்த நுண்குழாயில் அவை பிரியாது, அதனால்தான் சேர்த்துச் சொல்கிறது. நீங்களாக ஒன்றை அழித்துவிட்டு எழுதாதீர்கள். பிரிக்க வேண்டுமென்றால் அயோடினோடு டைமெத்தில் டைசல்பைடைச் சேர்த்து வினைப்படுத்தி ஜிசி-எம்எஸ் ஓட்டுங்கள். இரட்டைப் பிணைப்பு இருந்த இடத்தில் கந்தகம் உட்காரும், மூலக்கூறு அங்கேயே உடையும். 18:1 ஒமேகா 7-இல் 145, 245 என்று இரண்டு துண்டு, ஒமேகா 9-இல் 173, 217. அழுகிய வெங்காய நாற்றம் அடிக்கும், ஹூடை விட்டு வெளியே கொண்டுவராதீர்கள்.

18:1 ஒமேகா 9 என்று உறுதியானால் அடுத்த சந்தேகம் ஊடகம். டுவீன் 80 சேர்த்திருந்தால் அது ஒலியிக் அமிலத்தின் எஸ்டர். பாக்டீரியா அதை அப்படியே எடுத்துத் தன் சவ்வில் வைத்துக்கொள்ளும்.

லைப்ரரி மேட்ச் 0.28-தான் வந்தது. புது இனமா அக்கா?

உங்கள் கொழுப்பு அமிலக் கலவை சாஃப்ட்வேரின் லைப்ரரியில் உள்ள இனத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் எண் இது. 0.5-க்கு மேல், அடுத்த பெயரோடு நல்ல இடைவெளி இருந்தால் நம்பலாம். 0.3-க்குக் கீழே என்றால் லைப்ரரியில் அது இல்லை, அல்லது நீங்கள் வளர்த்த விதம் லைப்ரரி வளர்த்த விதம் இல்லை. என்னிடம் வருபவற்றில் இரண்டாவதுதான் அதிகம். வழக்கமாகப் பயன்படும் லைப்ரரி டிரிப்டிக் சோய் அகாரில் வளர்ந்தவற்றைக் கொண்டது. ராஜாக்கமங்கலம் கடற்கரையிலிருந்து எடுத்து சோபெல் கடல் அகாரில் 32 டிகிரியில் வளர்த்ததை அதனோடு ஒப்பிட்டால் எண் குறையத்தான் செய்யும். வெப்பமும் வயதும் என்ன செய்யும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

முதலில் 16எஸ் மரபணு வரிசையைப் பாருங்கள். அதுவும் தள்ளி நின்றால், மிக நெருங்கிய இனத்தின் மூலவகையை (டைப் ஸ்ட்ரெயின்) நுண்ணுயிர்ச் சேமிப்பு நிலையத்திலிருந்து வரவழைத்து, உங்களுடையதையும் அதையும் ஒரே நாளில், ஒரே தொகுதி ஊடகத்தில், ஒரே இன்குபேட்டரில், ஒரே தட்டு வரிசையில் வளருங்கள். பிளாங்க்கோடு மூன்று முறை ஓட்டிய இரண்டு வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.